படகில் அவர் பார்த்தது

இரண்டாயிரத்து ஐந்தில்தான் என் வீட்டுக்காரர் முதல்முறையாக வாய் திறந்து ஓர் ஆசையைச் சொன்னார். புதுச்சேரிக்குப் போய், சுண்ணாம்பாற்றுப் படகில் ஏறி, ஆறு கடலில் சேரும் இடம்வரை ஒரு சுற்று வர வேண்டும்.

"வருஷம் பூரா தண்ணியிலதான் நிக்கறேன். ஒரு நாளாவது தண்ணி மேல உக்காந்து போவணும்" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு சட்டைகூட வேண்டுமென்று கேட்காத மனுஷன். எனக்கு மனசு இளகிவிட்டது. இரண்டு பேரும் மரக்காணம் உப்பளத்தில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டோம்.

அங்கேதான் வந்தது வினை. உப்பு வாருகிற நாங்கள் விடிகாலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவோம். வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, ஒன்பது மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். லீவு நாளிலும் மனுஷன் மூன்று மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னை உலுக்கினார். பஸ் மாறிப் படகுத்துறை போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. கேட் பூட்டிக் கிடந்தது.

"ஒம்போதுக்குத்தாங்க தொறப்பாங்க" என்றார் வாட்ச்மேன்.

எனக்கு வந்ததே கோபம். "ஊரே உங்கள மாதிரி மூணு மணிக்கு எழுந்துக்கும்னு நெனச்சீங்களா? வாங்க, டவுனுக்காவது போய் பீச் ரோட்ட பாத்துட்டு வரலாம்."

"நீ வேணா போ. மொத ஆளா வந்திருக்கோம், எடத்த விடக்கூடாது" என்று கேட் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் படகில் முன் சீட்டே கிடைத்தது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். படகு கரையை விட்டது. குளிர்ந்த காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தேன், தலை என் தோளில் சாய்ந்திருந்தது. மணி ஒன்பதரை. அவர் தூங்குகிற நேரம்.

எழுப்பத்தான் கையைத் தூக்கினேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. வீட்டுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் அந்தக் கைகள் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. விட்டுவிட்டேன்.

அவருக்கும் சேர்த்து நானே எல்லாவற்றையும் பார்த்தேன். தென்னந்தோப்பு, கொக்குகள், ஆறும் கடலும் முட்டுகிற இடத்தில் தண்ணீர் நிறம் மாறுவது. கரை தட்டியதும் விழித்துக்கொண்டார்.

"ரொம்ப நேரம் தூங்கிட்டனா?"

"இல்லீங்க, இப்பத்தான் கண்ணசந்தீங்க."

திரும்பும் பஸ்ஸில் நான் பார்த்ததையெல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். உம் கொட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அளத்தில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தென்னந்தோப்பில் தொடங்கி, தண்ணீர் நிறம் மாறுகிற இடம்வரை கையை வீசிச் சொன்னார். நான் சொல்லாத ஒரு மீன்கூட அதில் துள்ளியது.

"மெய்யாலுமாக்கா?" என்று பக்கத்தில் கூடை தூக்கியவள் என்னைக் கேட்டாள்.

"ஆமாண்டி. நான்தான் கொஞ்சம் தூங்கிட்டேன்" என்றேன்.