தொடை எலும்பும் இரண்டு நெல்மூட்டையும்

பஸ் நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமை என் அப்பாவுக்கு என்றுமே இருந்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் லஸ் முனையில் அப்படி இறங்கியவர் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி அப்போதுதான் வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தோம். அம்மா அழுதது அப்பாவின் காலுக்காகவா, என் கல்யாணத்துக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அடிக்க வருவாள்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது அப்பா ஒரு நெல்மூட்டைமேல் உட்காருவார், பெண் அவர் மடியில் உட்காருவாள். மாப்பிள்ளை எதிரே நின்று கட்டுவார். அப்பாவால் முடியாவிட்டால் பெரியப்பாவின் மடி. பெரியப்பா தி.நகரிலிருந்து வந்து, "கவலைப்படாதேடா, நான் இருக்கேன்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் தொந்தி போக மடியில் எனக்கு இடம் எங்கே இருக்கிறது? அதோடு அவர் என் அப்பா இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆபரேஷன் செய்து எலும்புக்குள் எஃகுக் கம்பி வைத்த டாக்டருக்கு அடையாறில் வீடு. ஆஸ்பத்திரியை விட்டுப் போனபின் நோயாளிகளின் கால்கள் என்ன ஆகின்றன என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போவார். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஒரு கருவி, சீமையிலிருந்து வந்த கேள்விகள் அடங்கிய காகிதம். நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா? மாடிப்படி ஏற முடிகிறதா? காலுறை மாட்டிக்கொள்ள முடிகிறதா? அப்பா பிறந்ததிலிருந்து காலுறை மாட்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் அப்பா, "பேஷா முடியறது டாக்டர்" என்பார். கருவியைப் பையிலிருந்து எடுக்கவே விடமாட்டார். உயிரைக் கொடுத்து வைத்தியம் பார்த்தவர், வீடு தேடி வருகிறவர், அவரிடம் போய் வலிக்கிறது என்று சொல்வது நன்றி கெட்டத்தனம் என்பது அவர் எண்ணம். அவருக்கு மட்டுமா? மயிலாப்பூரில் பாதிப் பேர் டாக்டரிடம் அப்படித்தான் பேசுவார்கள். ஆக, டாக்டரின் காகிதத்தில் அப்பா பூரண குணமானவர். நிஜத்தில் முட்டி மரக்கட்டை. தரையில் உட்கார முடியாமல் மேஜையில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மூன்றாம் தரம் வந்து போன ஞாயிறு அது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார், அப்பா பேஷ் பேஷ் என்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தனையும் பொய் டாக்டர். அப்பாவால கீழ உக்காரவே முடியலை" என்றேன்.

அம்மா என்னைப் பார்வையாலேயே எரித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு உங்களுக்கு என்ன செய்யணும் சார்? அதைச் சொல்லுங்க."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவளை மடியில வெச்சுக்கணும்" என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து சீமைக் கேள்விகளுக்கு லீவு. டாக்டர் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, முட்டிதான் இறுகிக் கிடக்கிறது என்றார். தினமும் காலையில் முட்டியை மடக்கிப் பழகவேண்டும், வலித்தால் வலிக்கிறது என்று சொல்லவேண்டும். இரண்டாவதுதான் அப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிறகு டாக்டர் என் எடை என்ன என்று கேட்டார். கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது! அம்மா அப்படியே இரண்டு கிலோ குறைத்துச் சொன்னாள். நான் திருத்தினேன். காலின்மேல் வரப்போகிற பாரம் ஆயிற்றே, அதில் போய்ப் பொய் சொல்வாளா ஒருத்தி?

கடைசியாக ஒரு ஞாயிறு, கருவியை வைத்து அளந்துவிட்டு, ஒரு மூட்டை போதாது, அவ்வளவு தாழ்வாக உட்காரமுடியாது, இரண்டை அடுக்குங்கள் என்றார். கல்யாணம் செய்துவைக்கிற வாத்தியாரைக் கேட்டோம். மூட்டை என்றுதான் வழக்கமே தவிர எத்தனை என்று யார் சொன்னது என்றுவிட்டார்.

முகூர்த்தத்தன்று அப்பா இரண்டு மூட்டைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்தார். பெண்ணுக்கு இது என்ன சிம்மாசனமா என்று என் மாமியார் முணுமுணுத்தது காதில் விழுந்தது, விழட்டும். டாக்டர் முன்வரிசையில் இருந்தார். மேடையில் இத்தனை பேர் இருக்க, அவர் கண் அப்பாவின் முட்டியை விட்டு நகரவில்லை.

நான் மடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் கம்பி என் நினைவை விட்டுப் போகவில்லை. புடவைக்கு அடியில் கால்விரல்களைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, என் பாரத்தை நானே தாங்கிக்கொண்டிருந்தேன். என் தொடை நடுங்கியது. கெட்டிமேளம் எழும்பியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

அப்பா என் காதருகில் குனிந்தார்.

"காலைத் தூக்கிக்கோடி. நீ இன்னும் என் மடிக்கே வரலை."

தூக்கிக்கொண்டேன். முதல் முடிச்சு விழுந்தது.