பதினொரு கிரகமும் ஒரு மீசையும்

என் போனில் ஒரு விண்வெளிச் சண்டை விளையாட்டு இருக்கிறது. அதில் யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த முதல் விஷயம். எந்தக் கப்பல் எந்தக் கிரகத்துக்குப் போக வேண்டும் என்று விரலால் கோடு இழுத்து வைத்துவிட்டு, மூலையில் உள்ள பச்சை வட்டத்தை அழுத்த வேண்டும். எதிராளியும் அவன் பங்குக்கு அழுத்திய பிறகுதான் இரண்டு பேருடைய கப்பல்களும் ஒரே நேரத்தில் நகரும். அதுவரை ஒரு நாள் முழுக்க யோசிக்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுமோ என்ற பயம் அதற்குப் பாதிக் காரணம். மணியே அடிக்காத பரீட்சை நாற்பது வயதுக்கு மேல்தான் கிடைத்தது.

கெட்ட விஷயமும் அதுவேதான். ஒரு நாள் முழுக்க யோசிக்கலாம் என்றால் நான் ஒரு நாள் முழுக்க யோசித்துவிடுவேன். சாப்பிட்ட கறி பருப்பா கிழங்கா என்று கேட்டால் தெரியாது.

இதைப் போனில் ஏற்றித் தந்தவன் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பண்டாரவளையில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான், நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் மறுகோடியில் குடியிருக்கிறான். அவனுக்கு டவுனில் சிக்னல் கொட்டிக் கிடக்கிறது. எனக்கோ தேயிலை ஃபெக்டரியில் வேலை, உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. லயத்திலும் சிக்னல் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வரும். அங்கேதான் என் மனைவி கொழுந்து எடுக்கிறாள். ஆகவே காலையில் நான் கோடுகளை இழுத்துக் கொடுப்பேன். அவள் போனை இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்குக்குள் சொருகிக்கொண்டு மலையேறி, தொட்டியருகே போனதும் பச்சை வட்டத்தை அழுத்துவாள். என் படைக்குத் தளபதி நான், விசை அவள் கையில்.

இப்படியே சும்மா விளையாடிக்கொண்டிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்து நடுவில் வந்தது. வருஷா வருஷம் ரதி வேடம் போடுகிறவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். ரதியாக ஆண்தான் சேலை கட்ட வேண்டும், முகம் வழவழவென்று இருக்க வேண்டும். கூத்து நடத்துகிற பெரியவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, உங்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டார்கள். மச்சானுக்கு அப்போதுதான் ஆசையாக ஒரு தாடி வளர்ந்திருந்தது. எனக்கு மீசை. என் முகத்திலேயே தைரியமான இடம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பார்த்தவுடன் பயந்தவன் என்று சொல்லிவிடும். விளையாட்டில் தோற்றவன் ரதி என்று மச்சான் தீர்ப்புச் சொன்னான். சாமி காரியத்தில் பந்தயம் வைத்தால் குற்றம் வருமே என்று இழுத்துப் பார்த்தேன். வந்தால் தோற்றவனுக்குத்தான் வரும் என்றான்.

புதிதாகத் தொடங்கினோம், ஆளுக்குப் பதினொரு கிரகம். எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாகம் பெரட்டுத்தான். காலையில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்களே, அது. அதன்படியே கப்பல்களை ஒரு முறை வெளியே அனுப்புவேன். அடுத்த முறை எல்லாவற்றையும் நடுக்கிரகத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவேன். அந்த நடுக்கிரகத்துக்கு நான் வைத்த பேர் லயம். அத்தனை இருட்டில் கப்பலைத் தனியாக விட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

மச்சான் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான்.

"என்ன மச்சான், கப்பலுக்கும் அந்திக்கு நிறுவை இருக்கா? கொழுந்து எத்தனை கிலோ?"

நான் கப்பல்களைக் கூப்பிட்ட நாளில் எல்லாம் அவன் வெறுங்கிரகங்களைப் பிடித்துக்கொண்டே வந்தான். பதினொன்று எட்டாகி, எட்டு நாலானது. லயத்துப் பெண்கள் சேலை நிறத்தைப் பற்றி என் காதுபடப் பேசினார்கள். மனைவியிடம் சொல்லி அழுதால், "மீசை போனா உசிரா போகும்?" என்றாள். குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்த மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு காலையில் எங்கிருந்தோ வீரம் வந்தது. இருந்த அத்தனை கப்பல்களிலிருந்தும் மச்சானுடைய பெரிய கிரகத்துக்குக் கோடு இழுத்தேன். லயத்தில் ஒரு கப்பல்கூட வைக்கவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த வீரம் ஒன்பது மணி வரைக்கும் தாங்கியது. கொழுந்து வாட்டும் மாடியில் இலையைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே, இன்று கப்பல் வெளியே போகிற நாள் என்று மச்சானுக்குத் தெரியுமே, அவன் நேரே லயத்துக்குத்தானே வருவான் என்று உறைத்தது. வயிற்று வலி என்று ஃபெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினேன்.

மூச்சு வாங்க, அழுத்திவிட்டாயா என்று கேட்டேன்.

"அப்பயே அழுத்திட்டேன். ஆனா கோடு எல்லாத்தையும் மாத்திட்டேன்," என்றாள், கொழுந்திலிருந்து கையை எடுக்காமலே.

என்ன மாற்றினாய் என்று கேட்டுக்கொண்டே போனுக்குக் கையை நீட்டினேன்.

"லயத்த வெறுமனே போட்டுட்டு எல்லாரும் போனா எப்புடி? நீங்க கூப்பிடுற மாதிரியே எல்லாத்தையும் வீட்டுப் பக்கம் இழுத்து வச்சேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். மச்சான் அவனிடம் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து, யாரும் இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் என் லயத்து வாசலில் இறக்கியிருந்தான். உள்ளே என் முழுப்படையும் இருந்தது. அவனுக்கு மிச்சம் இரண்டு கப்பல். பக்கத்து வரிசையில் நின்ற பெண்கள் என்னவென்று கேட்க, என் தம்பி சேலை கட்டப் போகிறான் என்று அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகு அவனுடைய கிரகங்களை ஒவ்வொன்றாக எடுக்க ஒரு வாரம் ஆனது. மச்சான் தாடியை எடுத்து, அக்காவின் நீலச் சேலையையே கட்டி ரதியாக வந்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தான். பெண்கள் புகழ்ந்த புகழ்ச்சியில் அவன் இன்னும் தினம் சவரம் செய்துகொண்டிருக்கிறான்.

கூத்து முடிந்த மறுநாள் நான் மீசையைத் தடவிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். உனக்குத்தான் இந்த மீசை பிடிக்காதே, அப்புறம் ஏன் காப்பாற்றினாய் என்று கேட்டேன்.

"மீசைய எடுக்கச் சொல்லணும்னா நான் சொல்லணும். அவன் யாரு சொல்றதுக்கு?" என்றாள். தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "கல்யாணம் பேசும்போதே மீசையோடதான் வந்தீங்க. இத்தன வருசத்துல உங்க முகத்த நான் முழுசா பார்த்ததே இல்ல. ஜெயிச்சது நானு. ஒரு தடவ காட்டுங்க," என்றாள்.

ஜன்னல் கட்டையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு புது ரேசர் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஒன்றும் கேட்பதுகூட இல்லை, தினம் போனை என் கையில் கொடுக்கும்போது ஒரு பார்வை மட்டும் ஜன்னல் பக்கம் போய்வரும். இது மூன்றாவது நாள். உதட்டுக்கு மேலே தோல் வேறு நிறத்தில் இருக்குமோ, ஃபெக்டரியில் சிரிப்பார்களோ, அவளே சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று ரேசரின் உறையை மட்டும் பிரித்து வைத்தேன்.