ஏரியில் மிச்சமிருந்த விரால்

என் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். தையல் பிரித்த இடத்தில் ஒரு ஓரம் மட்டும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. ஐந்து வயது. தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டு நர்சம்மா பார்த்துவிட்டு, "மாத்திரை மட்டும் பத்தாது டீச்சர். விரால் வாங்கி சாறு வெச்சுக் குடுங்க, புண்ணு ஆறும்" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூர் மார்க்கெட்டில் எந்தக் கூடையைப் பார்த்தாலும் ஜிலேபி மீன்தான். வேறு தேசத்து மீனாம். யாரோ கொண்டுவந்து ஏரிகளில் விட்டிருந்தார்கள். அது பெருகப் பெருகக் கெளுத்தி குறைந்தது, குறவை குறைந்தது. விரால் என்று கேட்டால் சிரித்தார்கள். கடைசியில் மாதனூர்ப் பக்கத்து ஏரியில் தூண்டில் போடும் ஒருவரைத் தேடிப் போனேன்.

"விராலா? ஜிலேபி கேளும்மா, மூட்டை கட்டித் தர்றேன்" என்று கிண்டலடித்தார். குழந்தைக்கு என்றதும் எழுந்துவிட்டார்.

கரையோரமாக வெகுதூரம் நடந்தோம். கோரைப்புல் ஓரம், நீரின் மேல் சிவப்பாக ஒரு திட்டு நெளிந்துகொண்டிருந்தது.

"அத்தினியும் விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழயே காவலுக்கு நிக்குது பாரு. வேற எது வந்தாலும் பாஞ்சு அடிக்கும்."

ஒரு தவளையைக் கோத்து, திட்டின் நடுவில் தூண்டிலை ஆட்டினார். தண்ணீர் வெடித்தது. முதல் விரால் கரையில் துள்ளியது. சற்று நேரத்தில் மற்றதும் பாய்ந்து மாட்டிக்கொண்டது.

சிவப்புத் திட்டு பிரிந்தது, மறுபடி கூடியது. பிறகு புல்லுக்கடியிலிருந்து சாம்பல் நிற ஜிலேபிகள் வந்தன. அவற்றுக்கு அவசரமே இல்லை. திட்டு சிறுத்துக்கொண்டே வந்தது.

"குஞ்சுங்க?" என்றேன்.

"இனிமே இன்னா, ஜிலேபிக்குத் தீனி. இந்த ஏரில இனி விரால் கேட்டு வராதம்மா."

மகள் சாற்றைக் குடித்தாள். புண் ஆறியது. மீனாலா, மருந்தாலா, தெரியாது. இன்று அதே நிலை வந்தாலும் அந்த ஏரிக்குத்தான் போவேன். ஆனால் அந்தச் சிவப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது அவள் ஹைஸ்கூல். பஸ் தாமதமானால் நான் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன்.

"எம்மா, நான் இன்னா பாப்பாவா? எல்லாம் சிரிக்கிறாங்க."

 பையை வாங்கிக்கொண்டு, கடைத்தெருக் கூட்டம் விலகும்வரை அவளுக்கு இரண்டடி பின்னால் நடக்கிறேன்.