கோவளத்தில் ஒரு வீடு, புதுப்பட்டினத்தில் ஒரு வீடு

2006 பிப்ரவரியில் இந்தப் பயணம் போனேன். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தேன். மனச்சிதைவு, இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு ஆகிய மூன்றில் ஒன்றால் அவதிப்படுகிறவர்களின் வாழ்க்கை எப்படியெல்லாம் வேறுபடுகிறது என்று எங்கள் பிரிவில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோய் தொடங்கிய வயது, கல்யாணம், வேலை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். அது என் வேலை. இதே வேலைக்குக் கிளம்பும் மாணவர்கள் வழி கேட்டு எழுதுவதால் இந்தப் பதிவு. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு மணி வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். மாமல்லபுரத்தில் இறங்கி, சென்னை போகும் வண்டியில் ஏறினால் இருபது கிலோமீட்டரில் கோவளம். கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கும். இறங்கியதும் அவசரப்பட்டுக் குறுக்கே ஓடாதீர்கள்.

கோவளத்தில் ஸ்டெல்லா வீடு. முப்பத்து நான்கு வயது, மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய். கணவர் கடலுக்குப் போகிறவர், பிள்ளைகள் பள்ளியில். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார்.

“அது வந்துட்டா தூக்கமே கெடையாது மேடம். ராத்திரியெல்லாம் ஜாக்கெட் தைப்பேன். அப்புறம் தெருவோட சண்டை. மாத்திரை போட்டா அடங்கிடும்.”

“இப்போ எப்படி இருக்கீங்க?”

“நல்லாத்தான் கீறேன். ஆனா கொஞ்சம் சத்தமா சிரிச்சா வூடே திரும்பிப் பாக்குது.”

கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை நோய் வந்திருக்கிறது. அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை. “தெரிஞ்சப்போ அவரு ஒரு மாசம் எங்கூடப் பேசல. அப்புறம் அவரே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரு. எல்லாருக்கும் அப்படி அமையுமா, சொல்லுங்க” என்றார்.

அங்கிருந்து மறுபடி தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர், புதுப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் பேருந்துகள் திரும்பும் மாலை நேரத்தில் கடைவீதி நெரியும். நான் மதியமே போய்விட்டேன். குமரேசனுக்கு இருபத்தொன்பது வயது. பத்தொன்பதில் மனச்சிதைவு தொடங்கியது. அப்பா ஏழுமலைக்குச் சந்தையில் காய்கறிக் கடை. வாசலிலேயே அவர் என்னை நிறுத்திவிட்டார்.

“இன்னா மேடம், இன்னிக்கின்னு பார்த்து வந்துகீறீங்க. பொண்ணு வூட்டுக்காரங்க உள்ள குந்திகினு கீறாங்க. உங்கள கல்பாக்கம் டவுன்ஷிப்ல தெரிஞ்சவங்கன்னு சொல்லிடறேன்.”

“நானா எதையும் சொல்ல மாட்டேன் ஐயா. அது குமரேசன் சொல்ல வேண்டியது. ஆனா பொய் சொல்லச் சொல்லாதீங்க. வேணும்னா இன்னொரு நாள் வரேன்.”

நான் திரும்புவதற்குள் பெண்ணின் அத்தை வெளியே எட்டிப் பார்த்து, “யாரும்மா நீங்க?” என்றார். ஏழுமலை வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் நின்ற குமரேசனின் குரல் வந்தது. மருத்துவமனையில் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதவர் அவர்.

“எங்க ஆஸ்பத்திரி மேடம். எனக்கு மாசாமாசம் ஊசி போடுறாங்க. காதுல யாரோ பேசுற மாரி கேக்கும். இப்போ கம்மி.”

அத்தை அவர் பக்கம் திரும்பினார். “வேலைக்குப் போறியாப்பா?”

“கடையில மூட்டை எறக்குறேன்.”

“பொண்ணுகிட்ட சொல்லிட்டுச் சொல்றோம்” என்று எழுந்தார்கள். கோபமாகப் போகவில்லை. ஏழுமலை சுவரைப் பார்த்தபடி, “நாங்க போனப்புறம் இவனுக்கு யாரு கீறா மேடம்?” என்றார்.

குமரேசன் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார்.

“பயமா இல்லையா?”

“இருந்துச்சு. தெரியாம வந்தா அந்தப் பொண்ணுக்கு இதவிட பயமா இருக்கும் மேடம்.”

சம்பந்தம் நின்றுபோனது. ஏழுமலை பல மாதம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் ஊசி நாளில் மகனை அனுப்பத் தவறவில்லை. ஒரு நாள் அவரே கூட வந்து, மகனுக்குக் கடைக்கணக்கு கற்றுத் தரலாமா என்று டாக்டரிடம் கேட்டார். அடுத்த வருடம் கல்லாவில் குமரேசன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

இளம் வயதில் தொடங்கும் மனச்சிதைவு கல்யாணத்துக்கும் வேலைக்கும் முன்பே வந்து நிற்கிறது. இருதுருவ நோய் அவற்றுக்கு நடுவே வந்து வந்து போகிறது. பல வீடுகளில் நான் பார்த்த வேறுபாடு இது. ‘தன் நோயை உணராதவர்’ என்று யாரையும் முன்கூட்டியே முடிவு கட்டுவதை மட்டும் குமரேசன் வாய் திறந்த அன்றோடு விட்டேன்.

போகிறவர்களுக்கு: மருத்துவமனை ஜீப்பில் போகாதீர்கள், தெருவே கூடிவிடும். அடையாள அட்டையைப் பைக்குள் வையுங்கள். வெயிலுக்குக் குடை அவசியம். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். டீ கொடுத்தால் மறுக்காமல் உட்கார்ந்து குடியுங்கள். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் வெளியாள் ஒருவர் குடிக்கும் முதல் டீ அதுவாக இருக்கலாம்.