குச்சி வைத்த கிட்டார்

எங்கள் மாமாவுக்குக் காது கேட்கும், சுருதி மட்டும் கேட்காது. கடலூரில் வருடக்கணக்காக மெல்லிசைக் குழு நடத்துகிற மனுஷரைப் பற்றி அவருடைய அக்காள் மகளே இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இதை வேறு எப்படிச் சொல்வது?

2007-ல் அவருடைய குழுவில் கிட்டார் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. சும்மா இல்லை, சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். சிதம்பரத்தில் படித்த காலம் முழுக்க விரல் நுனி காய்த்துப் போகும்வரை பழகியவள் நான். மாமாவிடம் போய்க் கேட்டால் அவர் சிரித்தார்.

"பொம்பளப் புள்ள மைக்கப் புடிச்சிப் பாடுனா லட்சணமா இருக்கும். கிட்டாரெல்லாம் உனக்கு இன்னாத்துக்கும்மா?"

"ஏன் மாமா, ஆம்பளைங்க விரல்ல மட்டும் கொம்பா மொளைச்சிருக்கு?"

அம்மா நடுவில் புகுந்து தம்பியை ஒரு பிடி பிடித்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. ஒரே ஒரு கச்சேரி. நல்லா வாசிச்சின்னா எடம் உனக்கு. இல்லன்னா வாயத் தொறக்காம கோரஸ் பாடப் போயிடணும்." வாயைத் திறக்காமல் எப்படிக் கோரஸ் பாடுவது என்று கேட்க நினைத்து, காரியம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் இருந்தது மரக் கிட்டார். மேடைக்கு எலெக்ட்ரிக் வேண்டும். பாண்டிக்குப் போனோம். கடையில் பழைய காலத்துப் பாணியில் செய்த இரண்டு கிட்டார்கள் தொங்கின. ஒன்றுக்குக் கழுத்தடியில் ஒற்றைக் கொம்பு, கனத்த உடம்பு. தந்திகள் வந்து உட்காரும் பிரிட்ஜை ஆடாமல் அசையாமல் மரத்தோடு முடுக்கியிருந்தார்கள். இன்னொன்றுக்கு இரண்டு கொம்பு, ஒடுங்கிய இடுப்பு. அதன் பிரிட்ஜ் ஒரு இரும்புத் தகடு. பின்பக்கம் ஸ்பிரிங்குகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். தகட்டில் செருகியிருக்கும் கம்பியை, மாமா பாஷையில் குச்சியை, அழுத்தினால் தகடு லேசாகத் தூக்கும், தந்தி தளரும், சுருதி குழைந்து இறங்கும். கையை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எல்லாத் தந்தியும் ஒரேயடியாக அபசுரம்தான்.

எனக்கு ஒற்றைக் கொம்புதான் வேண்டும். நம் ஊர் ரோட்டில் வேனில் குலுங்கிக்கொண்டு போய் இறங்கினாலும் சுருதி நிற்கும். மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குச்சி எங்க? குச்சி இல்லாததெல்லாம் ஒரு கிட்டாரா? துபாய் போனானே, அவன் குச்சிய ஆட்டுனா புவனகிரியில விசில் பறக்கும், தெரியுமா?"

"விசில் அவரு வாசிப்புக்கு மாமா, குச்சிக்கு இல்ல."

"ஜாஸ்தி பேசாத."

கடைக்காரர் அதுவரை என் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பர்ஸ் யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும், "சார் சொல்றதுதான் கரெக்டு மேடம்" என்றார். வாசிக்கப்போகிறவளை விட்டுவிட்டு மற்ற எல்லோருமாகச் சேர்ந்து கிட்டார் வாங்கிய கதை அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் அதனோடு மல்லுக்கட்டினேன். ஸ்பிரிங்குகளை இறுக்கி, தகடு மரத்தில் படிந்து உட்காரும்படி செய்தேன். மெல்ல அழுத்தினால் இறங்கி, விட்டதும் சமர்த்தாகத் திரும்பி வந்தது. பழைய மெலடிப் பாட்டுகளில் ஒரு சுரம் முடிகிற இடத்தில் அப்படி லேசாகக் குழைத்தால் என்ன சுகம்! வேண்டாவெறுப்பாக வாங்கியது எனக்கே பிடித்துப்போயிற்று. என் கச்சேரிக்கும் தேதி வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, விஜயதசமி அன்று சாயங்காலம். அந்த வருடம் அது ஐப்பசியில் விழுந்தது. புரட்டாசியாக இருந்தால் எவன் கல்யாணம் வைப்பான்?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆயுத பூஜைக்கு எல்லா வாத்தியங்களையும் மாமா தன் வீட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்தார். நான் போய்ப் பார்த்தபோது பூஜை முடிந்திருந்தது. தபேலாவுக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு. என் கிட்டாருக்கு மட்டும், புதுசாம், அதனால் விசேஷ மரியாதை. பிரிட்ஜ் முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, குச்சியில் எலுமிச்சம்பழத்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆயுத பூஜைக்கு லாரிக்கு வைப்பார்களே, அதே மாதிரிதான்.

"ஐயோ மாமா! சந்தனம் உள்ள போயிடுச்சின்னா தகடு திரும்பாது. துணி குடுங்க, தொடச்சிடுறேன்."

"தொடாத! பூஜையில வச்சத நாளைக்கிக் காலையிலதான் எடுக்கணும். சரஸ்வதி கோச்சிக்குவா."

சரஸ்வதி கையில் இருப்பது வீணை. அவளுக்குத் தெரியாதா தந்தி வாத்தியத்தின் மேல் சந்தனத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்று? மாமாவிடம் இதையெல்லாம் பேச முடியுமா? சந்தனம் அங்கேயே கிடந்து காய்ந்தது. மறுநாள் வேன் கிளம்புகிற அவசரத்தில் மேலாகத் துடைக்கத்தான் நேரம் இருந்தது.

வரவேற்பில் இரண்டாவது பாட்டு. மாமா மேடை ஓரத்திலிருந்து, "குச்சி, குச்சி" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அழுத்தினேன். சுருதி இறங்கியது. கையை எடுத்தேன். திரும்பி வரவில்லை. தகட்டுக்கு அடியில் சந்தனக் கட்டி சிக்கிக்கொண்டு, அதை முழுசாக உட்கார விடவில்லை. அடுத்து நான் மீட்டியதெல்லாம் நாராசம். பாடிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார். கீபோர்டுகாரர் சிரித்துக்கொண்டே கிட்டார் சவுண்டு பட்டனை அமுக்கி, என் பகுதியையும் சேர்த்து வாசித்தார்.

பாட்டு முடிந்ததும் மாமா பக்கத்தில் வந்தார். சந்தனம் சிக்கிக்கொண்டது என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். சந்தனத்து மேல பழி போடாத. நாலு பாட்டு தாண்டித்தான் உனக்கு வேலை. அதுலயும் குச்சி ஆடலன்னா எறங்கிடு."

கிட்டாரை எடுத்துக்கொண்டு தாம்பூலப் பைகள் போடுகிற அறைக்கு ஓடினேன். அங்கே பின்பக்க மூடியைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். வந்த வரை வந்தது, மிச்சம் அசையவில்லை. சீர்த்தட்டில் கொட்டைப்பாக்கு இருந்தது. தகட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இரும்புக் கட்டை ஆடுகிற இடைவெளியில் பாக்குகளை வைத்து, பையிலிருந்த தேங்காயால் நாலு தட்டு தட்டி இறுக்கினேன். இனி யார் அழுத்தினாலும் தகடு நகராது. தந்திகளை மறுபடி சுருதி கூட்டினேன். குச்சியை மட்டும் மரையில் தளர்த்தி, தொளதொளவென்று விட்டேன். அது ஆடும். ஆட மட்டும்தான் செய்யும்.

மேடைக்குத் திரும்பி, நான் பழகியதை எல்லாம் வாசித்தேன். பாட்டுக்கு நடுவில் வருகிற நீண்ட கிட்டார் பகுதியை ஒரு பிசிறு இல்லாமல், சுரம் சுரமாக, விரலாலேயே தந்தியை வளைத்து வாசித்தேன். என் ஆயுசில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கூட்டம் பீடாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஓரிடத்தில், வெறுப்பில், குச்சியைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று ஆட்டினேன். ஒரு சத்தமும் மாறவில்லை. விசில் பறந்தது.

மாமா ஓடிவந்து எல்லோருக்கும் முன்னால் என் தலையில் கை வைத்தார். "பாத்தியா? இன்னா ஆட்டு ஆட்டுன! குச்சி ஆடுனதும் சவுண்டு எப்படிக் கொழையிது! இந்தக் குச்சி இல்லன்னா இன்னிக்கி மானம் போயிருக்கும். இனிமே நீதாம்மா நம்ம கிட்டாரு."

பின்னால் திருப்பிப் பாக்கைக் காட்டியிருக்கலாம். காட்டினால் இடம் போய்விடும். "சரி மாமா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆத்திரம்தான், வேறென்ன? மாமா மைக்கை வாங்கி, பொண்ணு சந்தோஷத்தில் அழுகிறது, எல்லோரும் ஒரு தரம் கை தட்டுங்கள் என்றார்.