தண்ணீரில் நின்ற பாய்மரம்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் கணவன் லயனல் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். அவனே இன்றுவரை இல்லை என்கிறான். ஒப்புக்கொண்டால், தான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே.

லயனல் ஃபாங்கரே என்ற ஊரில் முப்பது வருடம் பல் பிடுங்கியவன். வீட்டை விற்று 'கொரோரா' என்ற பாய்மரப் படகை வாங்கினோம். அது போனால் எங்களுக்குத் தலை சாய்க்க வேறு இடமில்லை. அவனோ ஒரு கேப்டன் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டதும், பசிபிக் கடலும் தன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டான்.

மார்க்கேசஸ் தீவுகளிலிருந்து துவாமோத்து பவளத் தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் வளையம் மாதிரி இருக்கும்; நடுவே ஏரி போலக் கடல், உள்ளே நுழைய ஒரு குறுகலான வாய். அந்தக் கடலில் இருக்கும் படகுகள் எல்லாம் தினமும் சாயங்காலம் ரேடியோவில் பேர் சொல்லி, எங்கே இருக்கிறோம் என்று சொல்வது வழக்கம். அந்தக் கூட்டத்துக்கே இளப்பமானவன் 'வெக்கா' படகின் கிளெம். தனி ஆள். ஓயாத இருமல். தானே கட்டிய இரும்புப் படகு, முழுக்கத் துரு. லயனல் அதற்கு பிஸ்கட் டப்பா என்று பேர் வைத்திருந்தான்.

ஒரு சாயங்காலம் கிளெம் இருமிக்கொண்டே கேட்டான். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று. நாங்கள்தான் இருந்தோம், ஒரு நாள் தூரத்தில்.

லயனல் மைக்கை எடுத்தான். "கொஞ்சம் தண்ணிதானே கிளெம்? குடிச்சிடு."

ரேடியோவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்ஜினைப் போட்டு அவனிடம் போகலாம் என்றேன். ஒரு டப்பாவுக்காக டீசலை எரிப்பதா என்றான்.

மறுநாள் சாயங்காலம் 'வெக்கா' பதில் சொன்னது. நாங்கள் போக வேண்டிய அதே தீவின் உள்ளே நங்கூரம் போட்டாயிற்றாம், சுகமாக இருக்கிறானாம். தண்ணீர் ஏறியதெல்லாம் நடிப்பு என்றான் லயனல். காற்று செத்துப்போய் ஒரு நாள் வழி மூன்று நாளானது. வழியில் இரண்டு சாயங்காலமும் கிளெம் பேசினான். சுகம் என்றான்.

ஒரு தடவைகூட இருமவில்லை...

தீவின் வாயை அடைந்தபோது மணி நாலு நாற்பது. சூரியன் நேர் எதிரே. தண்ணீர் தகடு மாதிரி கண்ணைக் கூசவைத்தது. அடியில் பாறையா மணலா என்று தெரியாத அந்த நேரத்தில் யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள். வெளியிலேயே இரவைக் கழித்துவிட்டு, காலையில் வெயில் முதுகுப் பக்கம் ஏறிய பிறகுதான் நுழைவார்கள்.

ஆனால் உள்ளே ஒரு பாய்மரம் தெரிந்தது. துருப்பிடித்த படகு. கம்பியில் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அந்த டப்பாவே உள்ள போயிருக்கு. நான் வெளிய நிக்கணுமா?"

"வெயில் மூஞ்சிலயே அடிக்குது லயனல். எனக்கு ஒண்ணும் தெரியல."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது? முன்னாடி போய் நின்னு பாரு. அவனுக்கு வழின்னா எனக்கும் வழிதான்."

முன்னால் போய் நின்றேன். காற்று இப்போது பலமாக அடித்தது. என் தொப்பி பறந்தது.

அந்தச் சட்டை ஆடவில்லை.

நங்கூரம் போட்ட படகு காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். 'வெக்கா' முதுகைக் காட்டி நின்றது.

"மரத்தையே பாத்து நேரா வா, லயனல்."

கிளெமின் குரல். என் கழுத்தில் தொங்கிய சின்ன ரேடியோவிலிருந்து...

அதை நான் ஆஃப் செய்து வைத்திருந்தேன்.

"இன்னும் நேரா."

தண்ணீருக்கு அடியில் பழுப்பாக ஏதோ எழுந்தது.

"கொஞ்சம் தண்ணிதான்... குடிச்சிடு."

ஓடினேன். லயனலைத் தள்ளிவிட்டு சுக்கானை முழுக்கத் திருப்பினேன்.

கர்ர்ர்...

அடிப்பாகம் உரசியது. படகு குலுங்கியது. திரும்பியது.

நிமிர்ந்து பார்த்தேன்.

மரம் இல்லை. படகு இல்லை. வெறும் தண்ணீர்.

இரவு முழுக்க வெளியே மிதந்தோம். விடிந்ததும், கண் கூசியதில் ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான் என்றான்.

வெயில் ஏறிய பிறகு உள்ளே போனோம். முத்துப் பண்ணை வைத்திருக்கும் தெய்வா தன் படகில் வந்தான். இங்கே இருந்த இரும்புப் படகு எங்கே என்று கேட்டேன். நேற்று நாங்கள் திரும்பிய இடத்தைக் காட்டினான்.

"அந்தப் பாறையில மோதி மூழ்கிடுச்சு. நாலு நாள் ஆச்சு. மரம் மூணா ஒடிஞ்சு அடியில கெடக்குது."

நாலு நாள். லயனல் மைக்கை எடுத்த அன்று இரவு.

"அவரு?"

"மறுநாள் காலைல முங்கி எடுத்தோம். மத்தியானமே பொதைச்சாச்சு, போட்டிருந்த ஆரஞ்சு சட்டையோட."

வேறு ஏதாவது படகாக இருக்கும் என்று சொல்ல லயனல் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

இன்னும் நிற்கவில்லை. எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து கேட்டால்... அது லயனலின் இருமலே இல்லை.