ஸ்டெல்லாவின் ஃப்ளாப்புக்கு மூன்று பேர் வேண்டும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பையன் தூங்கின பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளினால் இதை எழுதவே மாட்டேன்.

ஸ்டெல்லா போன செய்தி உங்களில் பலருக்குக் குழுவில்தான் வந்திருக்கும். எனக்கு அவள் தம்பி ஜான்சன் போன் செய்தான். பையனுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, ஸ்டெல்லா போயிட்டாக்கா" என்றான். எங்கே போயிட்டா என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன். முந்தின நாள்கூட, வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழம வந்துடுக்கா, புது செட்டிங் வெச்சிருக்கேன்" என்று சொன்னவள். என்னைவிடச் சின்னவள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். "கேட்டுக்கினு இருக்கியாக்கா?" என்று ஜான்சன் திரும்பத் திரும்பக் கேட்டான். பையன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தான்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் நம் காஞ்சிபுரத்து ஆட்கள் சேர்ந்து, அதற்குள்ளேயே ஓட்ட ஒரு பயிற்சி விமானம் செய்துகொண்டிருக்கிறோம் அல்லவா, அதில் ஃப்ளாப் வேலை முழுக்க அவளுடையது. இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் கீழே மடங்குமே, அதுதான் ஃப்ளாப். நம் விமானத்தில் அது மூன்று படியாக இறங்கும். ஒவ்வொரு படியும் விமானத்தை எவ்வளவு தூக்க வேண்டும், வேகம் எவ்வளவு குறைய வேண்டும், மூக்கு மேலே போகுமா கீழே போகுமா என்று எல்லாவற்றையும் எண்ணாக எழுதி வைக்க வேண்டும். அந்த எண்களோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கும் பக்கத்து வீட்டுத் தறிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். தறி ஓடினால் இன்ஜின் சத்தம் கேட்காது. அவர்கள் சாப்பிட எழுந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் பறப்போம். நான் முதல் தடவை போனபோது பையன் கைக்குழந்தை, மடியில் இருந்தான். எனக்கு அப்போது எல்லாவற்றுக்கும் பயம். அவன் தும்மினால் பயம், ரொம்ப நேரம் தும்மாமல் இருந்தாலும் பயம். இறங்க வேண்டிய ஓடுதளம் நாமே வரைந்தது, திருமுக்கூடலில் மூன்று ஆறும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், குட்டையாக. அது தூரத்தில் கண்ணில் பட்டதுமே, நிற்க இடம் போதாதே என்று பதறி, மூன்று படியையும் ஒரே இழுப்பில் இறக்கிவிட்டேன். விமானம் குபுக்கென்று மேலே எழும்பியது.

"இன்னாக்கா, எங்க கெளம்பிட்ட? எறங்கணும்கா."

"தானா ஏறுதுடி!"

"நீ ஏத்துன, அது ஏறுது. அத ஏன் திட்ற?"

பிறகு வேகம் செத்து, மூக்கு கவிழ்ந்து, பாலாற்றில் விழுந்தோம். பையன் கை தட்டினான். "நெஜத்துல வெறும் மணலு, இதுல பாரு, மூழ்கிப் போற அளவுக்குத் தண்ணி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "பயத்துல ஃப்ளாப்ப எறக்காதக்கா. பயம் கொறையாது, வேகந்தான் கொறையும்."

அவளுக்கு ஒரு விதி இருந்தது. எண்ணை மாற்றினவர் சோதித்துப் பறக்கக் கூடாது. பறக்கிறவருக்கு எதை மாற்றினோம் என்று சொல்லக் கூடாது. மூன்று பேர் தனித்தனியாகப் பறந்து, கைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அந்த எண் நிற்கும். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று நான் கேட்டதற்கு, "தெரிஞ்சா கை பொய் சொல்லும்" என்றாள். நான் நம்பவில்லை. அடுத்த வாரம் என்னை உட்காரவைத்துப் பறக்கச் சொன்னாள். இறங்கினதும் நான், "போன வாரத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லடி, லேசா இருக்குது" என்றேன்.

"நான் ஒண்ணுமே மாத்தலக்கா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் விடவில்லை. "பட்டுக் கடையில அதே பொடவைய மடிச்சுத் திருப்பிக் காட்டுனாகூட, இது நல்லா இருக்குது, பில் போடுன்னுவ போலிருக்குதே!" அவள் அம்மா உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

நம் குழுவை நடத்தும் முரளி சாருக்கும் அவளுக்கும் நடந்த வாக்குவாதம் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். கடைசிப் படி இறக்கினால் அவள் எண்களில் மூக்கு மேலே தூக்கும், ஓட்டும் கைப்பிடியை, அதாவது ஜாய்ஸ்டிக்கை, முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிறையப் பேருக்கு அது கஷ்டமாக இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் சார் வீட்டுக் கூடத்தில்தான் பேச்சு.

"கொஞ்சம் எளிமையா வையேன்மா. விளையாட வரவா சந்தோஷமா எறங்கட்டுமே."

"நெஜத்துலயும் அது தூக்கும் சார். ஓட்டுனவங்களக் கேட்டுட்டுத்தான் வெச்சேன். நாம சொகுசா வெச்சா, நாளைக்கு நெஜ விமானத்துல உக்காரப்போற பொண்ணு இத நம்பிக் கைய வெப்பா."

"நெஜ விமானம் ஓட்டப்போறவா இதுல ஏம்மா பழகறா?"

"நம்ம ஊர்ல வேற எதுல சார் பழகுவாங்க?"

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, "காபி சாப்பிடறியா?" என்று கேட்டார். அவருக்கு அவள்மேல் எவ்வளவு பிரியம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பிரியத்தில்தான் இப்போதும் ஒன்று செய்யப் போகிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை விமானத்தை எல்லோருக்கும் வெளியிடுவதாகவும், அதற்கு ஸ்டெல்லா பெயரையே வைப்பதாகவும் அறிவித்திருக்கிறார். ஆனால் உள்ளே இருக்கப்போவது அவர் எழுதிய எளிய எண்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதை அவள் பெயரிலேயே வெளியிட எனக்குச் சம்மதமில்லை. இன்று போன் செய்து அதைச் சொன்னேன்.

"நீ சொல்றது புரியறதும்மா. ஆனா அவ கடைசியா வெச்சத ஒருத்தரும் பறந்து பாக்கலையே. அது அவ போட்ட விதிதானே?"

"நான் பறக்கறேன் சார்."

"நீ ஃபைலத் திறந்து பாத்தியோ?"

பார்த்திருந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள், அவள் கை கடைசியாக எதைத் தொட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. திறந்தேன், பார்த்தேன். அதனால் அவள் விதிப்படி எனக்கு இனி இடமில்லை. சாரும் திறந்துவிட்டார். கடைசியில் ஒத்துக்கொண்டார்: கோப்பைப் பார்க்காத மூன்று பேர் சனிக்கிழமைக்குள் பறந்து ஒரே மாதிரி சொன்னால், ஸ்டெல்லாவின் எண்கள் நிற்கும். இல்லாவிட்டால் அவருடையவை.

நேற்று ஜான்சன், அவளுடைய ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கிறியாக்கா என்று கேட்டான். அவன் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது வேறு. பையனுக்கு ஒரு முறை காய்ச்சல் வந்தபோது, சிரப்பு, கஷாயம், ஈரத்துணி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப்போய் அவளுக்கு போன் செய்தேன். "டாக்டர் எழுதின சிரப்ப மட்டும் குடு. உக்காரு. ஜுரம் கொறையுதா பாரு. அப்புறம் அடுத்தது" என்றாள். உட்கார்ந்தேன், குறைந்தது. இப்போது அவன் பூங்காவில் சறுக்குமரம் ஏறுகிறான். நான் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் உடனே ஓடிப்போய்ப் பிடிப்பதில்லை. அந்த நிற்றல் அவள் கொடுத்தது. அதை நான் விடப்போவதில்லை.

கோப்பு குழுவின் பொது இடத்தில் இருக்கிறது. அவள் கடைசியாக மாற்றியது எந்தப் படி, எந்த எண் என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களையும் இழந்துவிடுவேன். உள்ளே திறந்து பார்க்காமல் அப்படியே ஏற்றி, திருமுக்கூடலில் இறங்கிப் பாருங்கள். அவளுக்காக நல்லதாகச் சொல்ல வேண்டாம், கைக்கு எப்படி இருந்ததோ அதை மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள். மூன்று பேர் வேண்டும். யார் யார் பறக்கிறீர்கள் என்று நாளைக்குள் பதில் போடுங்கள்.